வாசகர் கேள்வி–பதில்: மதுரையில் ஒரு நாள்

கேள்வி: அம்மாவுடன் மதுரை போகிறேன். ஒரே நாளில் மீனாட்சி அம்மன் கோயிலையும் பழைய நகரையும் பார்க்கலாமா?
– வாசகி, அட்டன்

பதில்: தாராளமாக. விடியற்காலையிலேயே கோயிலுக்குள் போய்விடுங்கள்; பகல் 12.30 மணியளவில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். கைபேசிக்கு உள்ளே அனுமதியில்லை. அதையும் செருப்பையும் ஒப்படைத்த வாசல் கிழக்கா தெற்கா என்று மறக்காதீர்கள். வேறு கோபுர வாசலால் வெளியே வந்தால், கொதிக்கும் கல்லில் வெறுங்காலோடு சுற்றவேண்டும். மலையகக் குளிரில் பழகிய அம்மாவின் பாதம் தாங்காது.

வெளியே தெருப்பெயரே வழிகாட்டி: கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அப்பால் மாசி வீதி. மாசி வீதிப் பலகை தெரிந்தால் கோயிலை விட்டு விலகிவிட்டீர்கள். நடை சாத்தியிருக்கும் நேரத்துக்குத் திருமலை நாயக்கர் மகால் பொருத்தம். 1636இல் கட்டியது, அந்தத் தூண்களை அவசரப்படாமல் பாருங்கள்.