350 டிகிரிக்கு எங்கே போவது?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா வெண்ணெய் கேக் செய்முறை எழுதி அனுப்பினாள். '350 டிகிரியில் 35 நிமிடம்' என்றிருந்தது. எங்கள் ஓ.டி.ஜி. அடுப்பில் 250-க்கு மேல் எண்ணே இல்லை. சரி, இருப்பதில் அதிகம் அதுதானே என்று 250-ல் வைத்தேன். மேலே கரி, நடுவில் பச்சை மாவு. வேறு அடுப்பு வாங்க வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டவே வேண்டாம், சகோதரி. அக்கா எழுதியது பாரன்ஹீட் கணக்கு. உங்கள் அடுப்பின் குமிழில் இருப்பது செல்சியஸ். 350-இல் 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தால் 177 வரும். நீங்கள் வைத்த 250, அக்காவின் கணக்கில் 482! அந்தச் சூட்டை எந்தக் கேக் தாங்கும்?

கை நிறைய மாவோடு நிற்கும்போது இந்தக் கணக்கெல்லாம் ஓடாது. நான் பாதியாக்கிக்கொள்வேன். 350-க்கு 175. 320-க்குப் பாதி அச்சாக 160. அதைவிட்டு விலக விலகத்தான் பிசகும். 400-க்கு 200 என்று வைப்போம், உண்மையில் 204. கேக்குக்கு அந்த நான்கு டிகிரி பெரிதல்ல. 450-க்குப் போனால் ஏழு டிகிரி குறைந்துவிடும் என்பதால், பீட்சாவுக்கு மட்டும் 230 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுப்புக்குள் விசிறி ஓடினால் இன்னும் 20 குறையுங்கள்.

இன்னொன்று, குமிழில் உள்ள எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். என் முதல் அடுப்பில் செய்த கேக்கெல்லாம் அடி கருகியே வந்தது. என் கைப்பக்குவம்தான் சரியில்லை என்று மாதக்கணக்கில் மருகினேன். பிறகு ஒருவர் சர்க்கரைச் சோதனை சொல்லித்தந்தார். சர்க்கரை ஏறக்குறைய 186 டிகிரி செல்சியஸில் உருகும். சிறு அலுமினியக் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைப் பரப்பி, 175-ல் சூடேறிய அடுப்பில் கால் மணி நேரம் வைத்தேன். வெள்ளையாகவே இருந்திருக்க வேண்டியது, ஓரமெல்லாம் இளகி, தேன் நிறத்தில் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என் அடுப்பு கூடுதலாகக் காய்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுப்புக்குள் மாட்டும் வெப்பமானி வாங்கிப் பார்த்ததில் 20 டிகிரி அதிகம். அன்றிலிருந்து 175 என்றால் 155-ல் வைக்கிறேன்.

நீங்களும் முதலில் சர்க்கரையை வைத்துப் பாருங்கள். உருகாவிட்டால், 175-ல் பத்து நிமிடம் அடுப்பைச் சூடேற்றி, நடுத்தட்டில் கேக்கை வையுங்கள். முப்பதாவது நிமிடம் ஈர்க்குச்சியால் நடுவில் குத்துங்கள். ஈர மாவு ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள்.