வெயில் வந்ததும் கணக்குப் புத்தகம் காணாமல் போனது

கேள்வி: எங்களுக்கு 9 வயதில் மகள், 6 வயதில் மகன். சில மாதங்களுக்கு முன் இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு அன்ஸ்கூலிங் தொடங்கினோம், அதாவது பாடத்திட்டம் இல்லாமல் பிள்ளைகள் தங்கள் ஆர்வத்தின்படியே வீட்டில் கற்கும் முறை. குளிர்காலம் முழுக்கப் புத்தகம், போர்டு கேம், மகளே ஆசைப்பட்டுச் செய்த கணக்கு என்று நன்றாகத்தான் ஓடியது. வசந்தம் வந்தது, எல்லாம் போச்சு. மகன் காலையில் வெளியே போனால் இருட்டிய பிறகு சேறும் சகதியுமாக வருகிறான். மகள் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், இல்லாவிட்டால் மைன்கிராஃப்ட் வீடியோ கேம். "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டீங்க?" என்று மாமியார் கேட்டால் இருவரும் "ஒண்ணுமில்ல" என்கிறார்கள். கணவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. தினமும் 2 மணி நேரம் பாடம் என்று டைம்டேபிள் போடலாமா?

பதில்: போடாதீர்கள், குறைந்தபட்சம் இந்தப் பருவம் முடியும் வரையாவது.

குளிர்காலத்தில் நீங்கள் நிம்மதியாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மேஜை, புத்தகம், பென்சில், குனிந்த தலை, எல்லாம் பார்ப்பதற்குப் பள்ளிக்கூடம் மாதிரியே இருந்தது. குளிர் விட்டதும் பிள்ளைகள் மேஜையை விட்டு எழுந்து போய்விட்டார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. கற்பது நின்றதாக உங்கள் கடிதத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை, அது உங்கள் கண்ணில் படாத இடத்துக்குப் போயிருக்கிறது.

முதலில் அந்த "என்ன கத்துக்கிட்டீங்க" கேள்வியை நிறுத்தும்படி மாமியாரிடம் சொல்லுங்கள். 1977-இல் அன்ஸ்கூலிங் என்ற சொல்லைப் பரப்பத் தொடங்கிய அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட், அதற்கு முன் பல வருடம் வகுப்பறையில் இருந்தவர். பிள்ளைகள் யோசிப்பதை விட்டுவிட்டு, டீச்சர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று ஊகிப்பதிலேயே மூளையைச் செலவழிக்கிறார்கள் என்பதுதான் அவர் அங்கே திரும்பத் திரும்பக் கண்டது. "என்ன கத்துக்கிட்டே" என்பதும் அதே ரகக் கேள்விதான், அதற்கு "ஒண்ணுமில்ல" என்பதைவிடப் பாதுகாப்பான பதில் கிடையாது.

கேட்பதற்குப் பதிலாக ஒரு நாள் மகன் பின்னாலேயே போங்கள், நல்ல செருப்பு போட்டுக்கொண்டு. வசந்தத்தின் ஆரம்பத்தில் தரையை ஒட்டித் தாழ்வாகச் சுற்றும் பருத்த பம்பிள்பீ என்ற தேனீ வகை ஒன்றை அவன் துரத்திக்கொண்டிருக்கலாம். அது பெரும்பாலும் ராணி. போன வருடக் கூட்டத்தில் மற்றதெல்லாம் செத்துப்போக, அது மட்டும் குளிர்காலத்தைத் தாண்டி வந்து, கூடு கட்ட எலி வளை மாதிரி ஏதாவது பொந்து கிடைக்காதா என்று தேடுகிறது. அல்லது கையில் கிடைத்த விதைகளைக் குழி தோண்டிப் போட்டிருப்பான். பட்டாணி குளிர்ந்த மண்ணிலும் முளைத்துவிடும், பீன்ஸ் அதே மண்ணில் அழுகிப்போகும். ஏன் என்று அவன் கேட்டால் அங்கே ஒரு முழு அறிவியல் பாடம் இருக்கிறது, கேட்காவிட்டால் தயவுசெய்து நீங்களாக நடத்தாதீர்கள். ஆர்வமாக எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் போய் "இதுக்கு எத்தனை கால், எண்ணு பார்ப்போம்" என்று தொடங்கும் பெற்றோரைக் கண்டால் எனக்கே ஓடிவிடலாம் போலிருக்கும்.

மகள் விஷயம் வேறு. சில வருடம் பள்ளிக்குப் போனவள் என்று நினைக்கிறேன். பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதமாவது அந்தப் பழக்கம் விட்டுப்போக ஆகும் என்று இந்த வழியில் போகும் குடும்பங்கள் சொல்வார்கள். ஆராய்ச்சி முடிவெல்லாம் இல்லை, அனுபவக் கணக்குதான், சிலருக்கு இன்னும் நீளும். மரத்தடியில் சும்மா உட்கார அவளுக்கு இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது. கணக்கு அவளுக்குப் பிடிக்கும் என்பதால் ஒன்றே ஒன்று மட்டும்: சூரியன் உதிக்கும், மறையும் நேரத்தை யாராவது ஒருவர், நீங்களாகவே இருந்தாலும் சரி, சுவரில் எழுதத் தொடங்குங்கள். பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டித்தான் பகலின் நீளம் மிக வேகமாக மாறும், 50 பாகை அட்சரேகையில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 நிமிடம். அவள் கவனித்தால் கவனிக்கட்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் பொழுதுபோக்கு.

மைன்கிராஃப்டைத் தடை செய்ய வேண்டியதில்லை, ஆனால் வெளிச்சம் இருக்கும்போது கொஞ்ச நேரமாவது அவள் வெளியே இருக்கட்டும். வெளியில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். கணக்கு விட்டுப்போனதைவிட எனக்கு இதுதான் கவலை.

அதற்காக அன்ஸ்கூலிங் என்றால் பெற்றோருக்கு ஓய்வு என்று அர்த்தமில்லை. பூதக்கண்ணாடி, கயிறு, பறவைகளை அடையாளம் காண ஒரு புத்தகம், மாற்றுத் துணி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், துவைக்கிற வேலை இரட்டிப்பாகும். அப்புறம், 9 வயது மகள் வாசிக்கத் திணறினால், எழுத்துகளைத் தொடர்ந்து குழப்பிக்கொண்டால், "தானா வரும்" என்று காத்திருக்காமல் கண்ணையும், டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்பதையும் பரிசோதித்துவிடுங்கள். இந்த வழியை நம்புகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

கணவருக்கும் மாமியாருக்கும் என்ன சொல்வது? பீட்டர் கிரே, ஜினா ரைலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 232 அன்ஸ்கூலிங் குடும்பங்களிடம் கேட்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் குடும்பங்கள் சொன்ன மிகப் பெரிய கஷ்டமே சுற்றியிருப்பவர்களின் விமர்சனமும், பள்ளியைப் பற்றித் தங்கள் மனதிலேயே ஊறிப்போன எண்ணங்களும்தான். இதை மாமியாரிடம் ஆதாரமாக நீட்டாதீர்கள், தானாக முன்வந்து பதில் சொன்ன குடும்பங்கள் அவை, அவர் அதைச் சரியாகவே பிடித்துவிடுவார். பேரனோடு ஒரு மாலை வெளியே அனுப்புங்கள். அவருக்குத் தெரிந்த செடி, பறவை எல்லாம் அவனுக்குப் புதிது.

இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்களும் கணவரும் ஒரு நோட்டில் அன்று பார்த்ததை நாலு வரி எழுதுங்கள், எந்தப் பாடம் என்று பிரிக்காமல். தேதி கட்டாயம் போடுங்கள். வீட்டுக் கல்வி பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும், இங்கிலாந்தில் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றக்கூட வேண்டியதில்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் அதிகாரிகள் எதைக் கேட்பார்கள் என்று இப்போதே விசாரித்துவிடுங்கள், கேட்டால் காட்டுவதற்கு அந்த நோட்டு உதவும்.