எங்கள் இளையர் முகாமுக்கு 25 வயது ஆகிறது. அதன் மரபுகளைப் பற்றி மலரில் எழுத யாரிடம் கேட்க வேண்டும்?

முன்னாள் தலைவர்கள் நான்கு பேரைப் பேட்டி எடுத்துவிட்டோம், வேறு யாரிடம் பேசலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இருபது வயதுக்குள் இருக்கும். யாரோ மலர்ப் பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். சரியா? பேசாமல் முகாமில் சமைத்தவர்களிடம் போங்கள்.

நான் போன முகாமும் ஜூன் விடுமுறை முகாம்தான். ஒரு தமிழ் இளையர் குழு நடத்தியது, பெயர் வேண்டாம். உயர்நிலை இரண்டில் பிள்ளையாகப் போனேன், அப்புறம் பல வருடம் தொண்டூழியர். போன வருடம் எங்களுக்கும் ஒரு மலர் வந்தது. அதில் ஒரு பக்கம் முழுக்க எங்கள் சிவப்பு விளக்கைப் பற்றி. கடைசி இரவில் நாங்கள் தீ மூட்டுவதில்லை, ஒரு சிவப்பு விளக்கை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து பாடுவோம். சுற்றுச்சூழல் அக்கறையோடு முன்னோடிகள் வகுத்த மரபு என்று எழுதியிருந்தார்கள். முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை படித்தபோது எரிச்சல்.

நடந்ததைச் சொல்கிறேன். 2013 ஜூன் 19, புதன்கிழமை. சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் கடற்கரைப் பக்கம் சாலே, அதாவது விடுமுறை விடுதி, எடுத்திருந்தோம். சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டம் மாலைக்குள் கடலையே மறைத்துவிட்டது. இரவு 10 மணிக்கு பிஎஸ்ஐ, அதாவது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, 321. முந்நூறைத் தாண்டினாலே ஆபத்து நிலை. அன்றே பிள்ளைகளை அனுப்பியிருக்கலாமே என்று இப்போது கேட்பது சுலபம். அதுவரை சிங்கப்பூரின் உச்சம் 1997இல் வந்த 226தான். அதற்கு மேல் போனால் என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஜன்னல்களை அடைத்து, ஈரத் துண்டு போட்டு, விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் மதியம் 1 மணிக்கு 371. முகாமை முடித்துக்கொண்டோம். வேலையை விட்டு வர முடிந்த பெற்றோர் உடனே வந்து கூட்டிப்போனார்கள். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களின் பிள்ளைகள் பதினொரு பேர் மட்டும் மிச்சம். அன்று ராத்திரிதான் கேம்ப்ஃபயர் நடந்திருக்க வேண்டும். விறகு வெளியே அடுக்கியபடி இருந்தது. ஊரே புகையில் கிடக்கும்போது தீ எப்படி மூட்டுவது? ஒரு பையன் அழ ஆரம்பித்துவிட்டான், தொடக்கநிலை ஆறு.

எங்களுக்குச் சமைத்துப் போட்ட பெரியம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்கிய சிவப்புப் பிளாஸ்டிக் பையை உதறி, அதற்குள் என் டார்ச்சைப் போட்டு முடிச்சுப் போட்டு, நடுக்கூடத்தில் மைலோ டின் மேல் வைத்தார். "இந்தாங்கடா நெருப்பு, பாடுங்க" என்றார். லேசாக மீன் வாடை. பதினொரு பேரும் பாடினார்கள். கடைசிப் பிள்ளையை வெள்ளிக்கிழமை நண்பகலில் டாக்சியில் ஏற்றும்போது வானொலியில் 401 என்றார்கள்.

அடுத்த வருடம் வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதினொரு பேரில் வந்திருந்தவர்கள், "விளக்கு எங்கே?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். இப்போது அது சிவப்பு அக்ரிலிக்கில் அழகாக வெட்டிய விளக்கு. மலரில் அதன் படம் உண்டு, பெரியம்மாவின் படம் இல்லை. பதினேழு வருடம் சார்டின் சம்பல் கிண்டியவர்! நன்றியுரையில் "உணவுக் குழு" என்று இரண்டே சொல். செயற்குழுவில் இருந்தவர்கள் இதைப் படித்தால் கோபிக்க வேண்டாம், வேண்டுமென்றே விட்டதாக நான் சொல்லவில்லை. அவர்கள் யாரும் அந்த இரவு அங்கே இல்லை. தலைவர்களை மட்டும் கேட்டால் தலைவர்களுக்குத் தெரிந்ததுதானே வரும்?

பெரிய வரலாறும் மலரில் வேண்டும் என்பீர்கள். சாரணர் இயக்கம் இங்கே 1910இல் வந்தது, உபின் தீவில் வெளிப்புறச் சாகசப் பயிற்சி தரும் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி 1967இல் தொடங்கியது என்று ஒரு பத்தி போட்டுவிட்டு நகருங்கள். அதே 1967இல் தேசிய சேவை என்ற ராணுவச் சேவையும் கட்டாயமானது. முகாம் பழக்கம் பலவற்றுக்கு வேர் அங்கேதான். நாங்கள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் தண்ணீர் குடிப்போமே, அந்த வாட்டர் பரேட் எந்தச் சாரணர் கையேட்டிலிருந்தும் வரவில்லை. தேசிய சேவையை முடித்துவிட்டு வந்த அண்ணன்மார் கொண்டுவந்தது. "செடியா" (நேராக நில்), "செனாங் டிரி" (ஓய்வாக நில்) என்ற மலாய்க் கட்டளைகளும் அப்படியே. ஒரு வருடம் யாரோ தமிழ்ப் பற்றில் "ஓய்வாக நில்" என்று கத்தினார்கள். ஒருவரும் அசையவில்லை. நானும்தான் அசையவில்லை, உடம்புக்கு மலாய்தான் பழகியிருந்தது.

தமிழ் என்றதும் இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் முகாம் டி-சட்டையில் மூன்று முறை தமிழ் எழுத்து உடைந்து வந்தது. கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம், புள்ளியைக் காணோம். அச்சுக் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அவரைக் குறை சொல்லவில்லை. அனுப்பிய நம் ஆள் மாதிரியைத் திறந்தே பார்க்கவில்லை. இருநூறு சட்டை. இன்றைக்கும் என் வீட்டில் தரை துடைப்பது அதில்தான்.

பெரியம்மாவிடம் மலரைக் கொண்டுபோய்க் காட்டினேன். தன் படம் இல்லை என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. விளக்குப் படத்தை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல வாடை வராதுல்ல" என்றார்.

உங்கள் முகாமில் சமைத்தவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, பழைய தொண்டூழியர் யாரிடமாவது தொலைபேசி எண் இருக்கும். சனிக்கிழமை காலை சந்தைக்குப் போய்விடுவார்கள், அதற்குப் பிறகு கூப்பிடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ்ப் பக்கங்களைப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், காசு வேண்டாம்.