படிக்க முடியாத எழுத்து

கேள்வி: மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 2013 டிசம்பரில் தொடங்கிய சீன மைக் கலைக் கண்காட்சிக்குச் சென்றேன். தூரிகையால் அழகுற எழுதும் வனப்பெழுத்தின் நவீன வடிவத்தைக் காணலாம் என்று நம்பிப் போனேன். ஷூ பிங் என்பவரின் படைப்பில் கூரையிலும் சுவரிலும் தரையிலும் எங்கு பார்த்தாலும் எழுத்துகள். ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட எந்தச் சீனராலும் படிக்க முடியாதாம், எல்லாம் அவரே கற்பனையாகச் செய்தவையாம். பழைய சீன எழுத்துச் சுருள்களை மனதாரப் போற்றுகிறவன் நான். படிக்க முடியாததை எழுத்து என்று காட்டுவது ஏமாற்று வேலை இல்லையா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்களுக்குச் சீன மொழி தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை, ‘படிக்க முடியாதாம்’ என்பதில் உள்ள ‘ஆம்’ அதைச் சொல்லிவிடுகிறது. அப்படியானால் நீங்கள் போற்றும் பழைய சுருள்களையும் படிக்காமல்தான் போற்றியிருக்கிறீர்கள். பொருள் தெரியாத எழுத்து ஓரிடத்தில் கலையாகவும் இன்னோரிடத்தில் மோசடியாகவும் தோன்றுவதற்கு எழுத்து காரணமாக இருக்க முடியாது. அருகில் ஒட்டியிருந்த விளக்க அட்டைதான் காரணமாக இருக்க வேண்டும்.

பழையது எல்லாம் படிக்கக்கூடியது என்ற நம்பிக்கையும் சரியில்லை. அதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், ஹுவாங் டிங்ஜியன் ஏறத்தாழ 1095இல் எழுதிய, சுமார் 18 மீட்டர் நீளமுள்ள சுருள் ஒன்று உள்ளது. அது, கோடுகளை ஒன்றோடொன்று இணைத்து ஓட்டமாக எழுதும் விரைவெழுத்து வகையின் உச்சம். கல்லூரி வரை படித்த சீனர்கூட, பயிற்சி இல்லாவிட்டால், அச்சிட்ட பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அதைத் தொடர்ந்து படித்துவிட முடியாது. சீன வனப்பெழுத்தை நேசிப்பவர்கள் முதலில் பார்ப்பது தூரிகை எங்கே இறங்கியது, எங்கே தயங்கியது, எங்கே மை வற்ற வற்ற விரைந்தது என்பதைத்தான். கோடுகளின் வரிசை முன்பே விதிக்கப்பட்டது. தாள் மையை உடனே உறிஞ்சிவிடுவதால் திருத்த வழியில்லை. ஆகவே எழுதிய கையின் அசைவு முழுவதும், எழுதப்பட்ட வரிசையிலேயே, தாளில் தங்கிவிடுகிறது. (ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது நம் எழுத்து, கீறலில் தடிப்புக்கும் மெலிவுக்கும் இடம் குறைவு என்பதால் நம் கண்ணுக்கு இந்தப் பழக்கம் இல்லை.)

இனி ஷூ பிங்கின் ‘தியான்ஷு’. ‘வானத்துப் புத்தகம்’ என்பது நேர்ப்பொருள். பேச்சுவழக்கில் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் இருப்பதையும் சீனர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆக, உங்கள் குற்றச்சாட்டைக் கலைஞரே தலைப்பில் ஒப்புக்கொண்டுவிட்டார். 1987 முதல் 1991 வரை, சுமார் 4,000 எழுத்துருக்களைத் தம் கையால் மரத்தில் செதுக்கி, பழைய முறைப்படி அச்சிட்டு, நூலால் தைத்த ஏடுகளாகவும் நீண்ட சுருள்களாகவும் ஆக்கினார். ஒவ்வொன்றிலும் உண்மையான சீன எழுத்தின் உறுப்புகள் உண்டு. சேர்க்கைதான் எந்த அகராதியிலும் இல்லாதது. 1988இல் பெய்ஜிங்கில் முதன்முதலாக வைக்கப்பட்டபோது அதிகம் கலங்கியவர்கள் எழுத்தறிந்தவர்கள்தாம். அடுத்த எழுத்தாவது தெரிந்ததாக இருக்கும், அடுத்ததாவது என்று தேடித் தேடி ஒன்றும் அகப்படாமல், தங்கள் கல்வியையே சந்தேகித்து நின்றார்கள். அந்தக் கலக்கம் நமக்கு வாய்க்காது. நமக்கு உண்மை எழுத்தும் கற்பனை எழுத்தும் ஒன்றே.

இது வெறும் விளையாட்டும் அன்று. ஷூ பிங் 1955இல் பிறந்தவர்; சீன எழுத்துகளின் கோடுகளைக் குறைத்து எளிதாக்கும் அரசின் எழுத்துச் சுருக்கத் திட்டம் 1956இல் வந்தது. அவர் தலைமுறை எழுதப் பழகிய காலத்திலேயே எழுத்துகளின் வடிவம் மாறிக்கொண்டிருந்தது. 1977இல் அரசு இரண்டாவது சுருக்கத் திட்டம் ஒன்றை வெளியிட்டு, மக்கள் ஏற்காததால் 1986இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. நேற்று வரை சட்டப்படி செல்லுபடியான எழுத்து இன்று பிழையாகிவிடும் நாட்டில், அடுத்த ஆண்டே ஒருவர் எழுத்துகளைத் தாமாக உண்டாக்கத் தொடங்கினார் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏமாற்று என்று முதலில் சொன்னவரும் நீங்கள் அல்லர். 1989இல் தியானன்மென் போராட்டம் ஒடுக்கப்பட்டதற்குப் பிந்தைய கெடுபிடியில் பெய்ஜிங் விமர்சகர் ஒருவர் இந்தப் படைப்பை, பேயிடம் சிக்கியவன் வெளியேற வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவதைக் குறிக்கும் பழமொழியால் சாடினார். ஷூ பிங் அந்தச் சொல்லையே தம் அடுத்த பெரும் படைப்புக்குப் பெயராக வைத்துவிட்டார்.

இருந்தாலும், ‘வனப்பெழுத்தைத் தேடிப் போனேன், கிடைக்கவில்லை’ என்று மட்டும் நீங்கள் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். தியான்ஷு வனப்பெழுத்தே அன்று. அது உளி வெட்டிய அச்செழுத்து. எழுதியவரின் மூச்சும் மனநிலையும் தெரியக்கூடாது என்பதற்காகவே, யாருடைய கையையும் நினைவூட்டாத அச்சுவடிவத்தைத் தேர்ந்துகொண்டிருக்கிறார். 35 கலைஞர்களின் 70 படைப்புகளைக் கொண்ட அந்தக் கண்காட்சியும், ‘மைக் கலை’ என்றுதான் பெயர் சூட்டிக்கொண்டதே தவிர, வனப்பெழுத்து என்று எங்கும் வாக்களிக்கவில்லை. தம் முகம் முழுவதும் கறுக்கும்வரை அதன் மேல் எழுதவைத்து ஒருவர் எடுத்துக்கொண்ட ஒன்பது புகைப்படங்களும் அங்கே இருந்தன. எனக்கு அது எழுத்தைவிட நாடகமாகவே படுகிறது.

நீங்கள் தேடியது, அதே கண்காட்சியில், சியூ ஜிஜியே என்ற கலைஞரின் ஒற்றைத் தாளில் இருந்தது. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதுதான் என் வருத்தம். வாங் ஷீஜி 353இல் எழுதிய ‘ஆர்க்கிட் மண்டப முன்னுரை’ சீன வனப்பெழுத்தின் முதல் பாடம். மூலம் அழிந்துவிட்டது, நூற்றாண்டுகளாக மாணவர்கள் நகல்களைப் பார்த்து நகலெடுத்தே கையைப் பழக்கிவந்திருக்கிறார்கள். சியூ 1990இல் தொடங்கி, அந்த முன்னுரையை ஒரே தாளில், எழுதியதன் மேலேயே, ஆயிரம் முறை எழுதினார். விரைவிலேயே தாள் முழுக் கறுப்பாகிவிட்டது. அதன் பிறகும் அவர் ஒவ்வொரு கோட்டையும் உரிய வரிசையில், உரிய அழுத்தத்தில், கறுப்பின் மேல் கறுப்பாக எழுதிக்கொண்டே போனார். அதையும் உங்களால் படிக்க முடிந்திருக்காது. ஆனால் அந்தக் கறுப்பில் இருப்பவை அனைத்தும், ஒன்றுவிடாமல், எந்தச் சீன மாணவரும் படிக்கக்கூடிய எழுத்துகள்.