இரும்பு மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

கேள்வி: எனக்கு வயது 36. ஹீமோகுளோபின் 9.6, ஃபெரிட்டின் 8, எச்பிஏ1சி 6.0. எடையும் கொஞ்சம் அதிகம். 100 மி.கி. இரும்பு மாத்திரையைக் காலையும் இரவும் போடச் சொன்னார்கள். மூன்று வாரமாக மலச்சிக்கல், வயிற்று உப்புசம். மலமும் கறுப்பாகப் போகிறது. குடலிலுள்ள நல்ல பாக்டீரியாவை இரும்பு அழித்துவிடும் என்கிறார்கள். நிறுத்திவிடலாமா? புரோபயாடிக் சாப்பிட்டால் சரியாகுமா?

பதில்: நிறுத்தாதீர்கள். உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 15-க்குக் கீழே இறங்கினாலே இரும்புப் பற்றாக்குறைதான். 8 என்றால் கையிருப்பு ஏறக்குறைய காலி. எடை கூடியவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கும் அழற்சியால் ஃபெரிட்டின் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதையும் மீறி உங்களுக்கு 8 வந்திருப்பதால் பற்றாக்குறையில் சந்தேகமே இல்லை. மாற்ற வேண்டியது மாத்திரை போடும் முறையை.

இரும்பு உறிஞ்சப்படுவது பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். உங்களைப் போல இரும்புக்கு ஏங்கும் உடலும்கூட 100 மி.கி. மாத்திரையிலிருந்து சுமார் 20 மி.கி. எடுத்துக்கொண்டாலே பெரிது. மீதி 80 மி.கி. பெருங்குடலுக்குப் போகிறது. தினம் இரண்டு மாத்திரை என்றால் 160 மி.கி. உப்புசமும் மலச்சிக்கலும் பெரும்பாலும் இந்த மீதியால் வருபவை. மலத்தின் கறுப்பு நிறமும் அதனால்தான். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் அது குடலில் இரத்தக் கசிவாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பாக்டீரியா பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. இரும்பு நல்ல பாக்டீரியாவை நேரடியாகக் கொல்வதில்லை. மற்றவற்றுக்குத் தீனி போடுகிறது. ஈ கோலை, சால்மோனெல்லா போன்றவை இரும்பைக் கவ்விப் பிடிக்கவென்றே சில மூலக்கூறுகளைச் சுரக்கும். லாக்டோபேசில்லஸ் வகைகளுக்கோ இரும்பு அநேகமாகத் தேவையே இல்லை. ஆகவே மீதி இரும்பு அதிகமானால் முதல் கூட்டத்தின் கை ஓங்கலாம். கென்யாவில் கைக்குழந்தைகளுக்கு இரும்புப் பொடி கொடுத்த ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிந்தது. அதை அப்படியே பெரியவர்களுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரலிலிருந்து ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடுகிறது. 60 மி.கி.க்கு மேல் இரும்பு எடுத்தால் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு அது குடலின் கதவைப் பாதி சாத்திவிடும். காலையில் போட்டது இரவு மாத்திரையைத் தடுக்கிறது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் ஒரே மாத்திரை போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு நாளில் 400 மி.கி. உள்ளே போவதற்குப் பதில் 100 மி.கி. போகும், பெருங்குடலின் சுமை நாலில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். கர்ப்பிணிகளும், ஹீமோகுளோபின் மிகவும் குறைந்தவர்களும் தாங்களாக இப்படி மாற்றக் கூடாது.

அட்டையில் எழுதியிருக்கும் எண்ணையும் பாருங்கள். ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி. மாத்திரையில் உண்மையான இரும்பு சுமார் 65 மி.கி.தான். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் 2 மணி நேரம் கழித்து. தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். குமட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். உறிஞ்சுவது குறையும், ஆனாலும் நிறுத்துவதற்கு இது எவ்வளவோ மேல். அமிலம் குறைக்கும் மாத்திரை தொடர்ந்து எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், அது இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக்கை இப்போதே வாங்க வேண்டியதில்லை. லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் 299வி என்ற ஒரு குறிப்பிட்ட வகை, உணவிலுள்ள இரும்பு சேர உதவுவதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பொத்தாம்பொதுவாக எல்லாப் புரோபயாடிக்குக்கும் அதைச் சொல்ல முடியாது. முதலில் அளவைக் குறைத்து, நார்ச்சத்தும் தண்ணீரும் கூட்டிப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.0 என்று வந்திருக்கிறதே, அதை இப்போது நம்பாதீர்கள். இரும்பு குறைந்தால் புதுச் சிவப்பணுக்கள் உருவாவது மந்தமாகும். பழைய அணுக்களில் சர்க்கரை அதிக நாள் ஒட்டிக்கொண்டிருப்பதால் எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்தில் எடுக்கும் பரிசோதனையும் செய்து சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை தொடங்கியபின் எச்பிஏ1சி இறங்கினால், சர்க்கரை குறைந்துவிட்டதென்று நினைத்துவிட வேண்டாம். புது அணுக்கள் வந்ததாலும் அது இறங்கும். இரத்தசோகை சரியாகி 3 மாதம் ஆனபின் எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

4 வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகாமல், அதிக மாதவிடாய்ப் போக்கு, ஹெலிகோபாக்டர் (இரைப்பையில் வாழும் பாக்டீரியா) தொற்று, சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் ஒவ்வாமல் சிறுகுடல் பாதிக்கப்படுவது) இவற்றைத் தேடச் சொல்லுங்கள். ஏறிவிட்டால், எண் சரியான பிறகும் கையிருப்பு நிரம்ப இன்னும் 3 மாதம் தொடருங்கள்.