கடைசி டைவ் முடிஞ்ச அன்னிக்கே விமானம் ஏறலாமா?

தம்பி, மியான்மரோட தெற்குக் கடல்ல இருக்கிற லாம்பி தீவுப் பக்கம் அஞ்சு நாள் டைவிங் படகுப் பயணம், கடைசி நாள் காலை பத்து மணிக்குக் கடைசி டைவ், அன்னிக்கு மாலையே கவ்தாங்கிலிருந்து ரங்கூனுக்கு விமானம்னு எழுதியிருக்கீங்க. டிக்கெட்டை மறுநாள் மதியத்துக்கு மாத்துங்க. தயவுசெஞ்சு மாத்துங்க.

ஒரே ஒரு டைவ்னா விமானம் ஏறுறதுக்கு முன்னாடி 12 மணி நேர இடைவெளி போதும். தினம் மூணு நாலு தடவைன்னு பல நாள் இறங்கினா குறைஞ்சது 18 மணி நேரம் வேணும். உடம்பில கரைஞ்ச நைட்ரஜன் மெதுவாத்தான் வெளியேறும். விமானத்துக்குள்ள காற்றழுத்தம் ஏறத்தாழ 2,000 மீட்டர் மலை உச்சியில இருக்கிற அளவுக்குக் குறைஞ்சிடும். மிச்ச வாயு குமிழியாகி மூட்டிலயோ நரம்பிலயோ உட்கார்ந்துக்கும். என்கூட வந்த மோல்மீன் நண்பர் இப்படித்தான் அவசரப்பட்டார். விமானம் இறங்கும்போது இடது தோளில பல்வலி மாதிரி விடாத குடைச்சல். சட்டைப் பொத்தான் போடக் கை எழும்பலை. அந்த முகம் இன்னும் கண்ணுல நிக்குது.

மாத்தவே முடியாதுன்னா கடைசி நாள் டைவை விட்டுடுங்க. அதுக்குப் பதிலா லாம்பியோட அலையாத்திக் காட்டுக்குச் சின்னப் படகில போங்க. 1996ல கடல் தேசியப் பூங்காவா அறிவிச்ச இடம், அது நஷ்டமே இல்லை.

அந்தப் பக்கம் டைவ் பண்ற பிளாக் ராக் பாறையோட நீரோட்டம் பயமா இருக்குன்னீங்க. இருபது டைவ்தான் ஆகியிருக்கு, பயம் நியாயம்தான். வழிகாட்டிகிட்ட முதல் நாளே சொல்லுங்க, பாறையோட மறைவுப் பக்கமே இறக்கச் சொல்லுங்க. மேலே வரும்போது படகுக்காரர் கண்ணில படுற ஆரஞ்சு மிதவை உங்க கையிலயே இருக்கணும்.