மூலையில் வரும் ‘வைரஸ்’

கேள்வி: தம்பி, கடையில் பில் போடவும் பேங்க் வேலைக்கும் ஒரு டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். விண்டோஸ் 7. குரோமைத் திறந்தாலே வலது மூலையில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே கிளீன் செய்யவும்’ என்று கட்டம் கட்டமாக வருகிறது. ஆன்டிவைரஸ் போட்டும் போகவில்லை. அம்பாசமுத்திரத்தில் காட்டினால் ஃபார்மட் பண்ணச் சொல்கிறார்கள். என்ன செய்ய?
- அப்பள வியாபாரி, கல்லிடைக்குறிச்சி

பதில்: ஃபார்மட் எல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வைரஸே இல்லை. அடுத்த தடவை அந்தக் கட்டம் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதிலுள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். வாயில் நுழையாத ஒரு வெப்சைட் பெயர் இருக்கும். அவன்தான் ஆள். நீங்களோ கடைப் பையனோ ஓசியில் சீரியல் பார்க்கப் போன பக்கத்தில், ‘ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்தவும்’ என்று கேட்டிருப்பான். அழுத்தியிருப்பீர்கள். ரோபோ சோதனைக்கும் அந்த பட்டனுக்கும் சம்பந்தமே கிடையாது. நினைத்தபோதெல்லாம் அறிவிப்பு அனுப்ப அவனுக்குக் கொடுத்த அனுமதி அது. நாமே அனுமதித்ததை ஆன்டிவைரஸ் எப்படிப் பிடிக்கும்?

குரோமில் மேலே வலது பக்கம் மூன்று புள்ளி இருக்கிறதல்லவா, அதில் செட்டிங்ஸ் போங்கள். பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அப்புறம் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி வாங்கிய சைட்டுகள் வரிசையாக நிற்கும். தெரியாத பெயர் ஒவ்வொன்றையும் பிளாக் செய்யுங்கள். அவ்வளவுதான், காசு செலவில்லை. அந்தக் கட்டத்தை மட்டும் கிளிக் செய்துவிடாதீர்கள். போலி கிளீனரை விற்பான், இல்லை ஒரு போன் நம்பரைக் காட்டுவான். கூப்பிட்டால் எனிடெஸ்க் மாதிரி, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போடச் சொல்லி உங்கள் திரையையே கையில் எடுத்துக்கொள்வான். ஏற்கெனவே பணம் ஏதும் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

எனக்குக் கவலை உங்கள் விண்டோஸ் 7 பற்றித்தான். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு அதைக் கைகழுவிவிட்டது. 2023-இல் குரோமும் அதை விட்டு விலகிவிட்டது. மூன்று புள்ளியில் ஹெல்ப், அபவுட் போய்ப் பாருங்கள், குரோமின் வெர்ஷன் எண் 109-க்கு மேல் ஏறியிருக்காது. அதற்கப்புறம் கண்டுபிடித்த ஓட்டை எதுவும் அதில் அடைபடவில்லை. இந்த மாதிரி பிரவுசரில் அலவ் அழுத்தக்கூட வேண்டாம். மோசமான ஒரு பக்கத்தைத் திறந்தாலே உள்ளே நுழைய வழியுண்டு. அதனால் பேங்க் வேலையை இன்றோடு அதில் நிறுத்துங்கள். விண்டோஸ் 10 போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தாலும் வேண்டாம். அதற்கும் 2025 அக்டோபர் 14-ஓடு பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஓடும் மெஷினாகப் பார்த்து வாங்குவதுதான் சரி.

இன்னொன்று. குரோமில் பேங்க் பாஸ்வேர்டை சேமித்து வைத்திருந்தால் அழித்துவிடுங்கள். விண்டோஸுக்கே பாஸ்வேர்டு போடாத கம்ப்யூட்டரில், சேமித்த பாஸ்வேர்டின் பக்கத்திலுள்ள கண் படத்தை அழுத்தினால் யாருக்கும் அது தெரிந்துவிடும். அழித்த கையோடு, பேங்க் பாஸ்வேர்டையும் வேறு நல்ல மெஷினிலோ போனிலோ இருந்து மாற்றிவிடுங்கள்.